கேப்டன் செழியனின் சம்சாரம்

நாகலூரில் போய் ஜெயகுமாரி வீடு எது என்று கேட்டால் எந்த ஜெயகுமாரி என்று திருப்பிக் கேட்பார்கள். கேப்டன் செழியன் சம்சாரம் என்று சொன்னால் போதும், சின்னப் பிள்ளைகூட எஸ்டேட் பங்களாவுக்குப் பின்னால் இருக்கும் ஓட்டு வீட்டைக் கைகாட்டிவிடும். கேப்டன் செழியன் என்று ஒரு மனிதன் இந்தப் பூமியில் பிறக்கவே இல்லை. வெள்ளிக் கலர் உடுப்பு மாட்டிக்கொண்டு வேறு கிரகத்துக்குப் போன டிவி சீரியல் கதாநாயகன் அவன். ஜெயகுமாரிக்குச் சர்ச்சில் மாலை மாற்றிய சொந்தப் புருஷன் ஒருவன் இருந்தான். அவன் பேரைச் சொல்லி அவளை அடையாளம் காட்ட ஊருக்கு வாய் வரவில்லை.

சொந்தப் புருஷன் ஆரோக்கியதாஸ், எஸ்டேட் ஜீப் டிரைவர். கல்யாணமான புதிதில் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு அவளை முன்சீட்டில் உட்காரவைத்து ஏற்காட்டுக்குக் கூட்டிப்போவான். அந்த ஜீப் போடும் சத்தத்தில் பக்கத்திலிருப்பவர் பேசினால் காதில் விழாது. அவன் கண்ணாடியை அவள் பக்கம் திருப்பிவைத்து, வாயைப் பார்த்தே பதில் சொல்லுவான். "நீ கத்தவே வேண்டாம் புள்ள, வாயசைச்சா போதும், எனக்குத் தெரிஞ்சுரும்" என்று பீற்றிக்கொள்வான். அவளுக்கும் உள்ளுக்குள் பெருமைதான். பொண்டாட்டி தொண்டை கிழியக் கத்தினாலும் காதில் வாங்காத புருஷன்கள்தான் எஸ்டேட் முழுக்க இருந்தார்கள்.

எண்பத்தாறில் ஒருநாள் காலை, உரம் எடுக்கச் சேலத்துக்குப் போனவன் திரும்பி வரவில்லை. தேடிப்போன எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டர் அடிவாரத்தில் ஒரு டீக்கடை ஓரமாக ஜீப் நிற்பதைப் பார்த்தார். கழுவித் துடைத்து நிறுத்தியிருந்தது. சாவி டீக்கடைக்காரரிடம் இருந்தது. எஸ்டேட்டிலிருந்து ஆள் வருவார்கள், பத்திரமாகக் கொடுத்துவிடுங்கள் என்று ஒன்றுக்கு இரண்டு தடவை சொல்லிவிட்டு ஓசூர் பக்கம் போகிற லாரியில் ஏறிக்கொண்டானாம். சண்டை இல்லை, கடன் இல்லை, விபத்தும் இல்லை. மனுஷன் போய்விட்டான், அவ்வளவுதான்.

அவன் போனதைக்கூட அவள் ஒருவழியாகப் பொறுத்துக்கொண்டாள் என்று சொல்லலாம். அந்தச் சாவியைத்தான் பொறுக்க முடியவில்லை. ஜீப்புக்காகச் சொல்லிவிட்டுப் போகத் தோன்றியவனுக்குக் கட்டினவளுக்காக ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லையே. அன்று காலை வாசல்படி தாண்டும்போது 'வர்றேன்' என்றுகூட அவன் சொல்லவில்லை என்பது அவளுக்குப் பிற்பாடுதான் உறைத்தது. இதை ஒரே ஒரு தடவை அவனிடம் நேருக்கு நேர் கேட்டுவிட வேண்டும், பதில் வந்தாலும் வராவிட்டாலும் சரி, என்று நினைத்துக்கொண்டே பங்களாவில் சமையல் வேலைக்குச் சேர்ந்தாள். சாயங்காலம் தனக்கு மட்டும் ஒரு பிடி அரிசி போட்டுக் கஞ்சி காய்ச்சிக் குடித்துவிட்டுப் படுத்தாள். கேட்க வேண்டியது நெஞ்சிலேயே கிடந்தது.

இரண்டு வருஷம் கழித்து 'விண்ணோடி' என்று ஒரு சீரியல் எடுக்க மெட்ராஸிலிருந்து ஒரு கூட்டம் வந்து பங்களாவில் இறங்கியது. காப்பிக்கொட்டை காயவைக்கும் களத்தைக் கூட்டிப் பெருக்கி, டிராக்டர் டிரெய்லரின் மேல் தகரம் அடித்து வெள்ளிப் பெயின்ட் பூசி விண்கலம் ஆக்கினார்கள். கதாநாயகனாக வந்தவர் இளங்கண்ணன் என்ற நாடக நடிகர். ஓங்குதாங்கான ஆள், கணீரென்ற குரல். அவருக்கு மனைவியாக நடிக்க வந்த அம்மாள்தான் மலைப்பாதை வளைவுகளில் வாந்தி எடுத்து எடுத்து, பங்களாவுக்கு வந்து சேரும்போது துவண்ட கீரைத்தண்டாக இருந்தார். அடுத்த நாளும் தலையைத் தூக்கவில்லை. டைரக்டர் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது டீ கொண்டுவந்த ஜெயகுமாரி கண்ணில் பட்டாள்.

அவளுக்கு ஒரே ஒரு காட்சிதான். புருஷன் விண்வெளிக்குப் புறப்படுகிறான், வராந்தாவில் நின்று வழியனுப்ப வேண்டும். எனக்குப் பேச வராதுங்க என்று அவள் பின்வாங்கினாள். டைரக்டர் சிரித்தார். இங்கே பேசுவது எதுவும் டிவியில் வராது, மெட்ராஸில் வேறு ஒரு பெண் குரல் கொடுப்பாள், வாய் மட்டும் அசைந்தால் போதும், ஏதாவது சொல்லு என்றார். அவளுக்குத் தெரிந்தது ஜெபம்தான். கேமரா ஓடியதும் 'அருள் நிறைந்த மரியே' என்று ஆரம்பித்துவிட்டாள். எதிரே நின்ற இளங்கண்ணன் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "போயிட்டு வரேன் வசந்தி" என்று தன் வசனத்தைச் சொன்னார். ஒத்திகையில் நாலைந்து தடவை, கேமரா முன் மூன்று தடவை. சொந்தப் புருஷன் சொல்லாமல் போனதை யாரோ ஒருத்தர் இத்தனை தடவை சொன்னது அவளுக்கு என்னவோபோல் இருந்தது. அழச் சொல்லாமலே அழுதாள். டைரக்டர் பிரமாதம் என்றார்.

டிவியில் வந்தபோது அவள் வாயிலிருந்து தேன் மாதிரி ஒரு மெட்ராஸ் குரல், "நான் காத்திட்டிருப்பேன், போயிட்டு வாங்க" என்றது. சையத் இப்ராஹிம் மளிகைக்கடையில்தான் அப்போது டிவி இருந்தது. ஊரே அங்கே கூடி நின்று பார்த்துவிட்டு, இவளுக்கு எப்போது மெட்ராஸ் பேச்சு வந்தது என்று கேலி பண்ணியது. அன்றிலிருந்து அவள் கேப்டன் செழியன் சம்சாரம். படப்பிடிப்பில் செழியனோடு அவளை நிற்கவைத்து எடுத்த போட்டோ ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அதைச் சட்டம் போட்டு, கல்யாணப் படம் மாட்டியிருந்த ஆணியிலேயே மாட்டினாள். கல்யாணப் படம் பெட்டிக்கு அடியில் போயிற்று.

சீரியல் பாதியிலேயே நின்றுபோனது. செழியன் போனவன் போனவன்தான். போன புருஷன் எப்போது வருவான் என்று ஊரில் ஆளாளுக்குக் கேட்டார்கள். எந்தப் புருஷன் என்று அவளும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. நல்ல நாள் பெரிய நாளில் பக்கத்து லைன் வீட்டுப் பாவாயி கொஞ்சம் பலகாரம் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவாள். மற்றபடி அந்த வீட்டுக் கதவைத் தட்டியது மழைதான்.

தொண்ணூற்றெட்டில் அதே டைரக்டர் தலை நரைத்துப்போய் வந்தார். தனியார் சேனல்கள் வந்துவிட்ட காலம். 'மீண்டும் விண்ணோடி' என்று எடுக்கப்போகிறார்களாம், அதே இளங்கண்ணன்தான் கதாநாயகனாம். கதையை அவரே அவளுக்குச் சொன்னார். ஒளியின் வேகத்தில் போகிறவனுக்கு வயசு ஏறாதாம். செழியனுக்குச் சில மாதம், பூமிக்குப் பத்து வருஷம். அவன் போனபடியே இளமையாகத் திரும்பி வருகிறான், காத்திருந்தவள் கிழவியாகியிருக்கிறாள். சொல்லிமுடித்து அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இந்த அம்மாவுக்கு மேக்கப் வேண்டாம் என்று மேக்கப்மேனிடம் சொன்னார். அவர் நல்லபடியாகத்தான் சொன்னார். ஜெயகுமாரி சமையல்கட்டுக்குப் போய்ச் சுடுதண்ணீர்ப் பாத்திரத்தை இறக்கிவைத்தாள். வயசு நாற்பதுகூட ஆகவில்லை.

மேக்கப் வேலையெல்லாம் இளங்கண்ணனுக்குத்தான் நடந்தது. மனுஷன் தொந்தி போட்டிருந்தார். கன்னம் தொங்கிப்போயிருந்தது. காதுக்குப் பின்னால் தோலை இழுத்துப் பிளாஸ்திரி போட்டு, தலைக்கு மை அடித்து, பழைய வெள்ளி உடுப்பை முதுகுப்பக்கம் கிழித்து ஊக்கு குத்தி, முன்பக்கமாக மட்டும் படம் பிடித்தார்கள். இடைவேளையில் யாரும் அவர் பக்கத்தில் உட்காரவில்லை. கூட்டத்திலிருந்த சின்னப் பையன்களுக்கு அவர் யாரென்றே தெரியவில்லை. பங்களாப் படியில் தனியாக உட்கார்ந்திருந்தவருக்கு அவள் காப்பி கொண்டுபோய்க் கொடுத்தாள். பத்து வருஷமாகச் சரியான வேஷமே வரவில்லையம்மா என்றார். அவள் தலையாட்டினாள். சர்க்கரை போதுமா என்று கேட்டாள்.

திரும்பி வரும் காட்சியை எடுக்கிற அன்று பனி இறங்கப் பார்த்தது. டைரக்டர் அவசரப்பட்டார். செழியன் நடந்து வந்து வராந்தாவுக்குக் கீழே நிற்பான், அவன் ஒன்றும் பேசவேண்டாம். நீதான் பேசவேண்டும், மனசிலிருந்து ஏதாவது பேசு, குரலை மெட்ராஸில் பார்த்துக்கொள்கிறேன் என்றார். ஜெயகுமாரி இந்தத் தடவை ஜெபத்தை எடுக்கவில்லை. குரல்தானே போகாது, வாய் போகுமே என்று இரண்டு நாளாகவே அவளுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஆரோக்கியதாஸ் எந்த ஊரில் இருந்தாலும் சரி, இப்போது டிவி இல்லாத இடம் இல்லை. அவன் பார்த்தால் போதும். வாயசைந்தால் அவனுக்குத் தெரிந்துவிடும்.

கேமராவுக்கு நன்றாகத் தெரிகிற மாதிரி, ஒவ்வொரு சொல்லாக, நிறுத்திப் பேசினாள்.

"ஏனுங்க, ஜீப்பு சாவிய ரெண்டு வாட்டி சொல்லிக் குடுத்துட்டுப் போனீங்களே. எனக்கு ஒரு வார்த்தை சொல்ல உங்களுக்கு வாய் வரலீங்களா? ஒரு 'வர்றேன்' கூடவா சொல்ல முடியல?"

இளங்கண்ணனுக்குப் பதில் வசனம் இல்லை. கண்ணில் நீர் முட்டி, கண்மை கலந்து கன்னத்தில் இறங்கியது. ஒரே டேக்கில் ஓகே ஆயிற்று, எல்லாரும் கைதட்டினார்கள். கூட்டம் கலைந்தபிறகு அவர் மெதுவாக வந்து, "அது என்ன சாவிம்மா?" என்று கேட்டார். ஒண்ணுமில்லீங்க என்று சொல்லிவிட்டு அவள் பாத்திரம் கழுவப் போனாள்.

நாலைந்து மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தக் காட்சி வந்தது. சையத் இப்ராஹிம் கடையில் இப்போது கேபிள் கனெக்‌ஷன் இருந்தது. அவர் அவளுக்கு முன்னால் ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுத்தார். திரையில் ஜெயகுமாரி வாயைத் திறந்தாள். அதே தேன் குரல், கொஞ்சம் நடுக்கம் சேர்த்து, "நீங்க வருவீங்கன்னு எனக்குத் தெரியும். உங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. இது உங்க வீடு" என்றது. பக்கத்தில் நின்ற பாவாயி மூக்கைச் சிந்தினாள். ஜெயகுமாரிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பன்னிரண்டு வருஷத்து வருத்தத்தை எவளோ ஒருத்தி, அவள் வாயிலேயே, ஒரு நிமிஷத்தில் இல்லையென்று சொல்லிவிட்டாள். இருந்தாலும் உதடு அவளுடையதுதானே, அவன் உதட்டைத்தான் பார்த்திருப்பான் என்று தன்னைத் தேற்றிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தாள்.

அவன் பார்த்திருந்தான். அடுத்த மாதமே ஏற்காடு பஸ்ஸில் ஒரு தோல் பையோடு வந்து இறங்கினான். தலை வெளுத்து, முன்பல் ஒன்று போய், இருமிக்கொண்டே வாசலில் நின்றவனை அவளுக்கு அடையாளம் தெரியச் சற்று நேரம் பிடித்தது. உள்ளே வந்து உட்கார்ந்தான். ஓசூரில் லாரி ஷெட்டில் வேலையாம், ஒருத்தி கூட இருந்தாளாம், போன வருஷம் செத்துப்போனாளாம். சுவரில் வெள்ளி உடுப்போடு நிற்கிற ஆளைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டான். பையை மட்டும் நகர்த்தி நகர்த்திச் சுவரோரம் வைத்தான். தங்க வந்தவன் வைக்கிற மாதிரி வைத்தான்.

அவள் கேட்கவேண்டியது தொண்டைக்கு வந்துவிட்டது. அதற்குள் அவன் முந்திக்கொண்டான்.

"நீ கோவிச்சுக்குவியோன்னுதான் இத்தனை வருஷம் வரலை. டிவில நீயே சொல்லீட்டியே, ஒரு வருத்தமும் இல்லைன்னு. அதைக் கேட்டப்புறந்தான் தைரியம் வந்துச்சு."

ஜெயகுமாரி, "என்ற வாயப் பார்த்தீங்களா?" என்று கேட்டாள்.

"பார்த்தேன் புள்ள. பார்த்துட்டே கேட்டேன்."

"அது என்ற கொரலாட்டமா இருந்துச்சு?"

"உன்ற கொரலுதானே. எனக்குத் தெரியாதா?"

அதற்குமேல் அவளுக்குக் கேட்க ஒன்றும் இல்லாமல் போயிற்று. கட்டினவள் குரலும் தெரியவில்லை, வாயும் தெரியவில்லை. இவனிடம் சாவியைப் பற்றிக் கேட்டு என்ன ஆகப்போகிறது. அடுப்பைப் பற்றவைத்துக் காப்பி போட்டாள். சர்க்கரை அவனுக்கு எவ்வளவு வேண்டும் என்பது கைக்கு இன்னும் மறக்கவில்லை. அதுதான் அவளுக்கு அழுகையைக் கொண்டுவந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு டம்ளரை அவன் முன்னால் வைத்தாள். குடித்து முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருந்தாள்.

பிறகு அந்தப் பையை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். ஏற்காட்டுக்குப் போகிற பஸ் வருகிற நேரம் என்றாள். அவன் நம்பாமல் பார்த்தான். உங்கள் வீடு என்று சொன்னாயே என்று முனகினான். அது நான் சொன்னது இல்லை, நான் வேறு சொன்னேன் என்றாள். என்ன சொன்னாய் என்று அவன் கேட்கவில்லை. எழுந்தான், செருப்பை மாட்டினான், வாசல்படி தாண்டி நின்றான். இந்தத் தடவை ஏனோ அவனாகவே சொன்னான்.

"சரி, வர்றேன்."

"போறேன்னு சொல்லுங்க" என்றாள் ஜெயகுமாரி.

சொந்த வீட்டு வாசலில் நின்று அப்படிச் சொல்லிப் பழகிய வாய் எங்கள் பக்கம் யாருக்கும் கிடையாது. அவன் பையைக் கை மாற்றினான், ரோட்டைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். அவள் நகரவில்லை.

"போறேன்" என்றான்.

"சரிங்க" என்றாள்.

பஸ் வந்தது, அவன் ஏறினான், பனிக்குள் போய்விட்டது. அவள் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். சாயங்காலம் பாவாயி வந்து, யார் வந்துட்டுப் போனது என்று கேட்டதற்கு வழி கேட்டு வந்தவங்க என்று சொல்லிவிட்டாள். பாவாயி போனபிறகு பழக்கத்தில் ஒரு பிடி அரிசி எடுத்தாள். இத்தனை வருஷமும் அந்தக் கஞ்சி கொதிக்கும்போது, அவன் வந்தால் இப்படிக் கேட்கவேண்டும், அப்படிக் கேட்கவேண்டும் என்று அடுப்பு முன்னால் உட்கார்ந்து அவனோடு பேசிக்கொண்டிருப்பாள். அன்றைக்குப் பேச யாரும் இல்லை.