வெஸ்லிக்கு வந்த வெள்ளை இறகு

வாலரூ துறைமுகத்தில் பார்லி மூட்டை சுமந்தவன் வெஸ்லி டிரெகென்ஸா. நல்ல உயரம், எந்நேரமும் வாயில் ஒரு கேலி. விமானப்படையில் சேர்ந்ததும் குண்டுவீச்சு விமானத்தின் வால்முனைக் கண்ணாடிக் கூண்டில் துப்பாக்கி பிடிக்கும் வேலையைக் கொடுத்தார்கள்.

"உன் உயரத்துக்கு அந்தக் கூண்டுக்குள்ள எப்படிடா உட்காருவ?" என்று கேட்டாள் அக்கா மெர்ல்.

"காலை மடிச்சுப்பேன். போற இடமே தெரியாது, வந்த வழியைத்தான் பாத்துட்டே போகணும். உன்னை மாதிரி வம்புக்காரிக்குத் தோதான வேலை."

அவனை இங்கிலாந்துக்குக் கப்பலேற்றியது மேலிடம். அவன் கேட்டு வாங்கிய இடமல்ல. ஆனால் நாட்டின் வடகோடியில் இருக்கும் டார்வினில் ஜப்பான்காரன் குண்டு போட்டதும் ஊரின் பேச்சு மாறிவிட்டது. இங்கே வீடு பற்றி எரிகிறது, அங்கே இவர்களுக்கு என்ன வேலை என்றார்கள், ஏதோ பையன்களே பார்த்துத் தேர்ந்தெடுத்துப் போனது போல.

சர்ச் மண்டபத்தில் பெண்கள் கூடிச் சிப்பாய்களுக்குக் காலுறை பின்னுவார்கள். ஜவுளிக்கடை பாஸ்கோ அம்மாள் ஒருநாள் மெர்லைப் பார்த்து எல்லார் காதிலும் விழும்படிச் சொன்னாள்: "என் மகன் நியூகினியில சேத்துல கிடக்கான். உன் தம்பி லண்டன்ல பீர் குடிச்சுட்டு ஆட்டம் போடுறான். அவனுக்கு ஒரு வெள்ளை இறகு அனுப்பிட்டேன். எங்க வீட்டுக் கோழியோடதுதான்."

வெள்ளை இறகு என்றால் கோழை என்று அர்த்தம். மெர்ல் எழுந்து நின்றாள்.

"ராத்திரியில ஜெர்மனி மேல பறக்கிறான் அவன்! குளிர்ல விரல் துப்பாக்கியோட ஒட்டிக்குமாம். உங்களுக்கு நாக்கு கூசல?"

சுற்றிலும் இருந்தவர்கள் ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மெர்ல் பின்னிக்கொண்டிருந்த காலுறையை மேசைமேல் வீசிவிட்டு வெளியேறினாள்.

அந்தக் குளிர்காலத்தில் பெர்லினுக்குப் போன வெஸ்லியின் விமானம் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. இருபத்திரண்டு வயது.

போர் முடிந்த பிறகு பெர்ட் ஸ்லேட்டர் என்பவன் மெர்லைத் தேடி வந்தான். வெஸ்லி முதலில் பறந்த விமானத்தில் வானொலித் தொடர்பைக் கவனித்தவன். தேநீரைத் தொடாமலே சொன்னான்: "குண்டு போட முப்பது தடவை ஒண்ணாப் போனோம். முப்பது முடிச்சா ஓய்வு. புதுப் பசங்களுக்குச் சொல்லிக்கொடுத்துட்டு உயிரோட இருக்கலாம். அந்த வாரம்தான் இறகு வந்துச்சு. தொப்பியில சொருகிட்டு கோழி மாதிரி கொக்கரிச்சுக் காட்டினான். வயிறு வலிக்கச் சிரிச்சோம். நாங்க ஓய்வுக்குக் கிளம்பினோம், அவன் மட்டும் மறுவாரமே இன்னொரு சுற்றுக்குக் கையெழுத்துப் போட்டுட்டான்."

"அந்த இறகாலயா?"

"கேட்டேன். 'குளிர் பழகிடுச்சு'ன்னான். அவ்வளவுதான்."

இறந்தவர்களுக்கு ஊரில் நினைவுக்கல் நட்டார்கள். முதல் மலர்வளையம் வைக்கத் தேர்ந்தெடுத்தது யாரை? பாஸ்கோ அம்மாளை! அவள் மகன் உயிரோடு திரும்பி, பக்கத்திலேயே நின்றிருந்தான். மெர்ல் கல்லுக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள்.

"நீங்க வைக்கக் கூடாது."

"விடும்மா. போர்க்காலம், எல்லாரும் ஏதேதோ பேசினோம்."

"எல்லாரும் பேசினாங்க. நீங்க தபால்தலை ஒட்டி அனுப்பினீங்க."

போதகர் அவள் தோளைத் தொட்டார். "மெர்ல், இது அதுக்கான இடமில்ல."

"வேற எந்த இடம் ஐயா? அவனுக்குக் கல்லறையே இல்லையே!"

பாஸ்கோ அம்மாளின் மகன் தாயின் கையிலிருந்து வளையத்தை வாங்கிப் போதகரிடம் கொடுத்துவிட்டு, தாயை அழைத்துக்கொண்டு போனான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை.

நிகழ்ச்சி இனிதே நடந்தது என்று உள்ளூர்ப் பத்திரிகை எழுதியது. வெஸ்லியின் பெயரைக்கூடப் பிழையாக அச்சடித்திருந்தது. மெர்ல் அன்றே பத்திரிகை அலுவலகத்துக்கு நடந்தாள். திருத்திப் போடுகிறோம் என்று ஆசிரியர் வாய்விட்டுச் சொல்லும்வரை நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை.