பிரான்ஸ் மலையில் சிலுவைக்குச் சிலுவை இறங்கினது

நாட்டில் சண்டை முடிந்து, விசா கிடைத்து, பிள்ளையார் கிருபையால் பிரான்சுக்குப் போய் மகனைக் கண்டேன். சின்ன வயதில் போனவன். சுனாமி அவனுடைய தாயைக் கொண்டுபோனபோதும் விசாப் பிரச்சினையால் அவனுக்கு வர ஏலாமல் போயிற்று. தாயை எங்கே கண்டெடுத்தோம், எப்படி அடக்கம் செய்தோம் என்று அவனுக்கு நான் சொல்லவேயில்லை. டெலிபோனில் தொடங்கினாலே அழுதுகொண்டு வைத்துவிடுவான். நேரில் சொல்லத்தான் போனேன்.

போனால் அவனுக்கு நேரமில்லை. ரெஸ்டோரண்ட் வேலை. கிடைத்த லீவுக்கும் கூட வேலை செய்கிறவர்களோடு மலைப்பக்கம் சைக்கிள் சுற்றுலா போட்டு வைத்திருந்தான்.

"நீங்களும் வாங்கப்பா. ரெண்டு பேரும் பக்கத்தில பக்கத்தில கதைச்சிக்கிட்டு ஓடலாம்."

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் சம்மதித்தேன். ஊரில், களுதாவளையில், வயலுக்கும் சந்தைக்கும் சைக்கிள் மிதித்த கால்தானே என்று நினைத்தேன். எங்கள் பக்கத்தில் பாலத்தைத் தவிர வேறு ஏற்றம் கிடையாது. அங்கே ஒரு ஏற்றம் முடிய அடுத்த ஏற்றம். முன்னுக்கு வழிகாட்டிப் பெண், நடுவில் நாங்கள், பின்னுக்கு ஒரு வேன்.

ஏற்றத்தையும் சமாளித்திருப்பேன். ஆனால் சந்திக்குச் சந்தி கல்லுச் சிலுவை நின்றது. எங்கள் ஊரில் கோயிலுக்கு முன்னால் சைக்கிளில் இருந்தபடி போகமாட்டோம். இறங்கி, செருப்பைக் கழற்றி, கும்பிட்டு, உருட்டிக்கொண்டு தாண்டிய பிறகுதான் ஏறுவோம். அங்கேயும் எனக்குக் கால் தானாக இறங்கியது. செருப்பென்றால் பரவாயில்லை, மகன் வாங்கித் தந்தது கயிறு கட்டும் சப்பாத்து. அவிழ்த்துக் கும்பிட்டுக் கட்டி முடிக்க, அவன் அடுத்த வளைவையும் தாண்டிவிடுவான்.

வழிகாட்டிப் பெண் திரும்பி வந்து, எனக்குக் கால் புண்ணென்று நினைத்துப் பிளாஸ்டர் ஒட்டினாள். நல்ல பிள்ளைதான். இல்லை இல்லை என்று நான் தலையாட்ட, வலி கூடிவிட்டதென்று வேனில் ஏற்றிவிட்டாள். கண்ணாடியால் மகனுடைய முதுகைப் பார்த்துக்கொண்டே போனேன். பின்னேரம் சாப்பாட்டு மேசையில் அவன் கூட்டாளிகளோடு சிரிப்பும் கதையும். அறைக்கு வந்தால் படுத்ததும் நித்திரை. அடுத்த நாளும் இதே கதைதான். இதற்கா கடல் தாண்டி வந்தேன்?

கடைசி நாள் அவனுக்கும் பொறுமை போயிற்று.

"அப்பா, இது வேதக்காரர்ட சிலுவை. உங்களுக்கு என்னத்துக்கு?"

"சாமிதானே, மகன்."

"எல்லாரும் நமக்காக நிக்கிறாங்க. எனக்கு வெக்கமா இரிக்கி."

"அப்ப நீ போ. நீ எப்பவும் முன்னாலதானே போறாய்."

அவன் சைக்கிள் இரண்டையும் தூக்கி வேனில் போட்டு, என்னையும் ஏற்றிவிட்டுத் தானும் ஏறி எனக்குப் பக்கத்தில் இருந்தான். முகம் கல்லுப் போல. இதை விட்டால் இனிச் சொல்ல இடம் கிடைக்காது என்று பட்டது. பிள்ளையாரை நினைத்துக்கொண்டு தொடங்கினேன்.

"மகன், அம்மாவ நான்தான் கண்டெடுத்தன். தென்னந்தோட்டத்துக்குள்ள. முகத்தில ஒரு கீறல் இல்ல. மத்தாக்களோட ஒரே குழியில போட நான் விடல்ல. தனியாத்தான் அடக்கம் பண்ணினம்."

அவன் என் பக்கம் திரும்பினான்.

"இத இவ்வளவு நாளும் ஏன் சொல்லல்ல?"

"நீ நிண்டாத்தானே சொல்லலாம்."

அவனுக்கு அழுகை வந்துவிட்டது. யார் குளிப்பாட்டினது, என்ன சேலை உடுத்தினது, யார் யார் வந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். பாதி சொல்வதற்குள் வேன் சேரவேண்டிய மேட்டில் ஏறி நின்றுவிட்டது. எனக்கு ஆத்திரமாக வந்தது. வழிகாட்டிப் பெண் கதவைத் திறந்து, இறங்கச் சொல்லிச் சிரித்தாள்.

"கொஞ்சம் நில்லுங்க" என்று அவளுக்குத் தமிழிலேயே சொல்லிவிட்டு, மகன் கதவை இழுத்துச் சாத்தினான்.

"சொல்லுங்கப்பா."