துருவுக்குப் புளி

ஆக்சிஜனேற்றம் என்ற சொல்லை வைத்துக்கொண்டு நான் ஊர் ஊராகப் பட்ட பாடு கொஞ்சமில்லை. மாட்டுக்கு மயக்க ஊசி போடும் முன்பும் பின்பும் கழுத்து நரம்பில் சிறிது ரத்தம் எடுப்பேன். திண்டுக்கல் ஆய்வகத்தில் அதில் மின்முனையை நனைத்து மின்னழுத்தத்தைக் கூட்டினால் ஆக்சிஜனேற்றத்தின் அளவைக் காட்டும் ஒரு வளைகோடு கணினியில் எழும். மயக்க மருந்து அந்தக் கோட்டை எப்படி மாற்றுகிறது என்பதே என் ஆராய்ச்சி. மாட்டுக்காரர்களிடம் இதைச் சொன்னால் கொட்டாவி விடுவார்கள்.

ஆத்தூர்ப் பக்கத்துக் கால்நடை மருத்துவர்தான் வழி கண்டுபிடித்தார். சித்தையன்கோட்டைப் பக்கம் மல்லிகைத் தோட்டம் போட்டிருந்த ஓர் அக்கா, கொம்புப் புற்று வந்த பசுவை ஓட்டி வந்திருந்தார். "ரத்தத்துல துரு ஏறுதான்னு பாக்குறாங்கம்மா" என்றார் மருத்துவர். அக்காவுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. எனக்குப் பரம சந்தோஷம்.

அறுவை நல்லபடியாக முடிந்தது. "அசை போடுற வரைக்கும் பச்சத் தண்ணி குடுத்துறாதீங்க" என்று மருத்துவர் திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பினார்.

மறுநாள் ரத்தம் எடுக்க அக்கா வீட்டுக்குப் போனேன். பசு கழுத்தை நீட்டி, இழுத்து இழுத்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. மூக்கில் பழுப்பாகச் சளி.

"என்னக்கா குடுத்தீங்க?"

"தண்ணி குடுக்கலம்மா. வந்ததும் புளியக் கரைச்சு ஊத்துனேன். துருவுக்குப் புளிதானே போட்டுத் தேய்ப்பம்."

மயக்கம் தெளியாத மாட்டுக்கு ஒழுங்காக விழுங்க வராது. புளிக்கரைசல் நுரையீரலுக்குப் போயிருந்தது. மருத்துவர் ஓடி வந்து ஊசி போட்டார். என்னைத் தனியே அழைத்து, தேறாது என்றார். எனக்கு அவர் மேல் கோபம் கோபமாக வந்தது. துரு என்ற அந்த ஒரு சொல் அவருக்கு எங்கிருந்துதான் கிடைத்ததோ. இரண்டு நாளில் பசு செத்துப்போனது.

துக்கம் கேட்கப் போனேன். அக்கா அந்தப் பசுவின் கன்றை அவிழ்த்து என் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்.

"அது பாலத்தானே இம்புட்டு நாளும் குடிச்சுச்சு. இதுக்கும் துரு ஏறியிருக்கும், ரத்தம் எடுத்துப் பாருங்கம்மா. நான் இன்னுங்கொஞ்சம் கெட்டியாக் கரைச்சு ஊத்தியிருந்தா தாய் பொழைச்சிருக்கும்."

அழுது வீங்கிய அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. உண்மையைச் சொன்னால் தன் கையாலேயே கொன்றதாகக் காலமெல்லாம் நினைப்பார். சொல்லாவிட்டால் கன்றின் வாயிலும் புளியை ஊற்றுவார்.

"கன்னுக்குத் துரு கிரு ஒண்ணும் இல்லக்கா. புளி மட்டும் ஊத்திறாதீங்க."

கன்றைத் தடவிக்கொண்டிருந்த கை நின்றது.

"ஏம்மா," என்றார், "புளி ஊத்துனா என்ன செய்யும்?"