ஏழாம் கம்பத்துக் கயிறு

இதைக் கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிக்கொள்ளலாம். எனக்கொன்றும் நஷ்டமில்லை. யாராவது பேய் என்று பேச்செடுத்தாலே எழுந்து போய்விடுகிற ஆள் நான். கடையில் உப்பு வாங்கினாலும் நக்கிப் பார்த்துவிட்டுத்தான் காசு கொடுப்பேன் என்று என் மனைவி ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறாள். அப்படிப்பட்ட எனக்குத்தான் இது நடந்தது.

காட்டு மான்களுக்குக் காசநோய் இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. வலை, மயக்க ஊசி எதுவும் கிடையாது. வெல்லப்பாகில் ஊறிய பருத்திக் கயிறுகளை மாலையில் ஏழு கம்பங்களில் கட்டிவிட்டு வருவோம். மான்கள் வந்து மெல்லும். மறுநாள் வெயில் ஏறுவதற்குள் கயிற்றை அறுத்து, அதிலிருக்கும் எச்சிலைக் குழாயில் பிழிந்து, ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். வெயில் பட்டால் கிருமி செத்துவிடும், சோதனை பலிக்காது. ஒரே ஒரு குழாயில் நோய் என்று வந்தாலும் போதும், மொத்தக் கூட்டத்தையும் சுட்டுவிடுவார்கள். எங்கள் கூட்டத்தில் நாற்பது மான்கள் இருந்தன.

எனக்குத் துணையாள் என் மனைவியின் தம்பி. எங்களோடுதான் குவார்ட்டர்ஸில் இருக்கிறான். கூட்டத்தில் ஒரு நொண்டி மான். அதன்மேல் அவனுக்கு உயிர். ரிசல்ட் நல்லபடியாக வரணும் மாமா, வரணும் மாமா என்று சாப்பிடும்போதுகூட முணுமுணுப்பான். எனக்கு உறுத்த ஆரம்பித்தது அங்கேதான்.

ஏனென்றால், அவன் பங்கிலிருந்த ஏழாம் கம்பம் சரியில்லை.

மற்ற கம்பங்களைச் சுற்றிக் குளம்பு பட்டுத் தரை சேறாகக் கிடக்கும். ஏழாவதன் கீழே துடைத்துவிட்டாற்போல இருக்கும். ஆனால் கயிறு மட்டும் எச்சிலில் நனைந்திருக்கும். இன்னொன்று... மானுக்கு மேல்வரிசையில் முன்பல் கிடையாது. கயிற்றைக் கடைவாயில் போட்டுத் துவைக்குமே தவிர, நறுக்கென்று கடிக்காது. ஏழாம் கயிற்றின் முனையிலோ மேலும் கீழும் முன்பல் பதிந்திருந்தது. யாரோ கடித்து, இழை இழையாகப் பிரித்திருந்தார்கள்.

நோயில்லாத தன் எச்சிலை வைத்துப் பயல் என்னை ஏமாற்றுகிறான். அப்படித்தான் முடிவு கட்டினேன். என்னிடமேவா?

கையும் களவுமாகப் பிடிப்பதற்காக, மறுநாள் யாரிடமும் சொல்லாமல் இருட்டோடு கிளம்பி ஏழாம் கம்பத்துக்குப் போனேன். ஒரே பனிமூட்டம். பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை.

முதலில் சத்தம்தான் கேட்டது. ஈரமாக எதையோ மெல்லுகிற சத்தம்... நின்றது... மறுபடி மென்றது.

பிறகு இருமல். இரண்டு தடவை. நெஞ்சுக்கூட்டின் அடியிலிருந்து வரும் மனித இருமல்.

"போதும்டா. வெளிய வா."

மெல்லுகிற சத்தம் நின்றது.

கிட்டே போனேன். ஆளில்லை. காற்றும் இல்லை. கயிறு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

முனையைத் தொட்டேன்.

சூடாக இருந்தது.

இடுப்பிலிருந்த வாக்கிடாக்கி கரகரத்தது. மணி 5.42.

"மாமா, எங்க போயிட்டீங்க? அக்கா டீ ஆறுதுன்னு கத்துறா."

அவனுக்குப் பின்னால் என் மனைவியின் குரலும் கேட்டது. அவன் வீட்டில்தான் இருந்தான்.

என் முதுகுக்குப் பின்னால்... மிக அருகில்... மறுபடியும் இருமல்.

திரும்பிப் பார்க்கவில்லை. பழக்கதோஷத்தில் கை கயிற்றை அறுத்தது. கால் ஓடியது.

அந்த வாரமே ரிசல்ட் வந்தது. ஆறு குழாய்கள் சுத்தம். ஏழாவதில் காசநோய். சுடுகிறவர்கள் வெள்ளிக்கிழமை வருவார்கள் என்றார்கள். மச்சினன் தட்டைத் தள்ளிவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டான். பார்க்கச் சகிக்கவில்லை. ஆய்வுக்கூட டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு, பல் பதிந்ததைச் சொன்னேன். அவன் வேலைக்கே உலை வைக்கும் பேச்சு அது. ஆனால் மான்கள் பிழைக்க வேறு வழி தெரியவில்லை. டாக்டரம்மா எங்கள் இருவரின் சளியையும் வாங்கிக்கொண்டார்.

வியாழக்கிழமை அவரே கூப்பிட்டார். எங்கள் இருவருக்கும் நோயில்லை. குழாயில் இருந்தது மிருகங்களுக்கு வருகிற வகையே அல்லவாம், மனிதருக்கு வருவதாம். சுட வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டாராம். மச்சினன் விம்மி விம்மி அழுதான். எனக்கும் கண் கலங்கியது, மறைப்பானேன்.

ஆனால் நான் விடுகிற ஆளா? அப்படியானால் அது யாருடைய எச்சில் என்று கேட்டேன். டாக்டரம்மா பழைய கதை ஒன்றைச் சொன்னார்.

"உங்களுக்கு முன்னாடி அங்க இதே வேலையில ஒருத்தர் இருந்தாரு. மான் மெல்ல மெத்துனு இருக்கட்டும்னு, கயித்து முனைய வாயால கடிச்சுப் பிரிச்சுவிட்டுத்தான் கட்டுவாரு. தனக்கு நோய் இருக்குன்னு அவருக்கே தெரியாது. அவரோட எச்சில்தான் எங்களுக்கு வந்துச்சு. என்ன வகைன்னு பாக்க அப்ப யாருக்கும் தோணல. அறுபது மானைச் சுட்டாங்க. அறுத்துப் பாத்தா ஒண்ணுக்குக்கூட நோய் இல்ல. அப்புறம்தான் அவரோட சளிய வாங்கிப் பாத்தோம்."

"அவரு இப்ப எங்க?"

"செத்து மூணு வருஷம் ஆச்சு. அவரோட சளிக் குழாய் எங்க ஃப்ரீசர்ல இன்னும் இருக்கு. எடுத்து ஒத்துப் பாத்தேன்... அதே கிருமிதான்."

அன்றைக்கே ஏழாம் கம்பத்தைப் பிடுங்கி எறிந்தோம்.

நேற்று அடுத்த சுற்றுச் சோதனை. கயிறு கட்டக் கிளம்பினோம். நொண்டி மான் குட்டி போட்டிருக்கிறது என்று மச்சினன் வெளியிலிருந்து சிரித்துக்கொண்டே சொன்னான். நான் கயிற்றுப் பெட்டியைத் திறந்தேன். சாவி என்னிடம் மட்டும்தான் இருக்கிறது. பாகில் இன்னும் நனைக்காத புதுக் கயிறுகள்.

ஆறு கயிறு.

ஆறின் முனையும் இழை இழையாகப் பிரிந்திருந்தது...

ஈரமாக.