கோர்ட்டுக்குக் கட்டிய கூறைப்புடவை

அரக்குக் கரை வைத்த மயில்கழுத்துப் பட்டு. அம்மாவின் கூறைப்புடவை. கல்யாணத்துக்கு முன் அப்பாவே தன் தறியில் உட்கார்ந்து நெய்தது. ஊருக்கே பட்டு நெய்கிற வீட்டில் அவளுக்கென்று இருந்த பட்டு அது ஒன்றுதான். ஒரே மடிப்பில் கிடந்தால் ஜரிகை ஒடிந்துவிடும் என்று அவ்வப்போது எடுத்து உதறி மடிப்பை மாற்றி வைப்பாள். நான் தொட்டுக் கசக்கிவிட்டால் தனக்கே வலித்ததுபோல் முகம் சுருங்கும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அப்பா ஆரணியில் வேறொருத்தியோடு குடித்தனம் வைத்துக்கொண்டு, அம்மாவிடம் விவாகரத்துக் கேட்டார். அம்மா எனக்கும் தனக்கும் ஜீவனாம்சம் கேட்டு வழக்குப் போட்டாள். எங்கள் தெருவில் பஞ்சாயத்துக்குப் போவதென்றாலும் உள்ளதில் நல்லதைக் கட்டிக்கொள்வதுதான் மரியாதை. "ஜட்ஜு முன்னாடி போய் நிக்கப் போற, பரதேசியாட்டம் போவாதம்மா" என்று பக்கத்து வீட்டு அக்கா வேறு சொல்லிவிட்டாள். அம்மா கூறைப்புடவையைக் கட்டிக்கொண்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போனாள்.

அப்பாவின் வக்கீல் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "கும்பி கூழுக்கு அழுததாம், கொண்டை பூவுக்கு அழுததாம். சோத்துக்கு இல்லாதவங்க கட்டுற புடவையா இது?" என்றார். கோர்ட்டே சிரித்தது. அப்பா தலையைக் குனிந்து நின்றார். அந்தக் கரையின் ஒவ்வோர் இழையும் அவருக்குத் தெரியும். 'கல்யாணத்துக்கு நான் நெய்து கொடுத்தது, அவளிடம் வேறு கிடையாது' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பாவி, வாயில் கொழுக்கட்டையை அடைத்தமாதிரி நின்றார். அவர் செத்தபோதுகூட அந்தக் கோபம் எனக்கு ஆறவில்லை.

"எனக்கு ஒண்ணும் வேணாம் சாமி. எம் பொண்ணை நானே காப்பாத்திக்கிறேன்" என்று கும்பிட்டுவிட்டு அம்மா வெளியே நடந்தாள். எங்கள் வக்கீல் ஏதோ சொல்லிக்கொண்டே வாசல்வரை பின்னால் ஓடிவந்தார். அவள் நிற்கவில்லை. அதற்கப்புறம் அந்தப் பக்கமே போகவில்லை.

காப்பாற்றத்தான் பார்த்தாள். அடுத்தவர் தறிக்கு இழை சுற்றினாள். ரோஷம் உலையில் வேகுமா? எனக்கு டைபாய்டு வந்தபோது, பழம்பட்டு வாங்குகிறவனிடம் அந்தப் புடவையைப் போட்டாள். எரித்து ஜரிகையிலிருந்து வெள்ளியை எடுத்துக்கொள்வார்கள். எட்டாம் வகுப்போடு நானும் இழை சுற்ற உட்கார்ந்தேன்.

இப்போது என் முறை. என் வீட்டுக்காரரும் என்னை விட்டுப் போய்விட்டார், இடுப்பில் பிள்ளையை விட்டுவிட்டு. ஜீவனாம்ச வழக்குப் போடப் போன முதல் நாளே என் வக்கீலம்மா சொன்னார்: "உனக்கு வேணாம்னு நீ சொல்லலாம்மா. புள்ளைக்கு வேணாம்னு சொல்ல உனக்கு உரிமை இல்ல. அது புள்ளையோடது." வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அப்படியே சொன்னேன். சுற்றிக்கொண்டிருந்த ராட்டினத்தை நிறுத்தினாள்.

"அன்னிக்கு நம்ம வக்கீலு பின்னாடியே வந்தாரே," என்றாள். "இதைத்தான் சொல்லிக்கினு வந்தாரா?"



இன்று காலை வாய்தா. இருப்பதில் பழைய நூல்புடவையைத்தான் எடுத்தேன். இருந்தாலும் பழக்கதோஷம், இஸ்திரி போட்டு வைத்திருந்தேன். அம்மா அதைக் கையில் வாங்கினாள். விரித்துப் பார்த்தாள். பிறகு இரண்டு கைகளாலும் சுருட்டி, கசக்கி, மடியில் வைத்து அழுத்தி, மறுபடியும் கசக்கினாள். முகம் சுருங்கவே இல்லை.

"இப்ப கட்டிக்கம்மா" என்று நீட்டினாள்.