ஒரே உறையில் இருவர்

ஆல்பின் வாயைத் திறந்தால் மாடுகளைப் பற்றித்தான் பேசுவான். அப்படிப்பட்டவனையே வீடு வீடாக ஏறி இறங்க வைத்தது எங்கள் ஊராட்சி. ஊரிலிருந்த முதியோர் இல்லத்தை மூடிவிடலாம் என்று ஊராட்சி உறுப்பினர்கள் ஏழு பேர் கூடி முடிவெடுத்தார்கள். அங்கேதான் அவன் மனைவி ஒட்டிலியா நடக்க முடியாமல் படுத்திருந்தாள். மூடினால் அவளை நகரத்துக்கு அனுப்ப வேண்டும்; போய்வர மூன்று மணி நேரம்.

இருநூறு கையெழுத்து சேர்ந்தால் ஊரே ஓட்டுப் போட்டு முடிவு செய்யலாம். மார்ச் மாதப் பனியில் வீடு வீடாகப் போயும் பாலாடைக்கட்டிக் கடை வாசலில் நின்றும் ஆல்பின் இருநூற்று அறுபது வாங்கினான்.

"உன் வாயிலேர்ந்து இத்தன வார்த்தையாடா!" என்று கேலி செய்தான் பக்கத்து வீட்டு ரொட்டிக்காரன் யோஸ்ட்.

"பேசாம கையெழுத்தப் போடுடா. மாவு ஒட்டாமப் போடு."

ஓட்டு எண்ணியவர்களில் நானும் ஒருவன். தபாலில் வந்த உறைகளைப் பிரித்தபோது ஒன்றில் ஓட்டுச் சீட்டுகளோடு இரண்டு பேரின் வாக்காளர் அட்டைகள் இருந்தன. ஆல்பின், ஒட்டிலியா. ஐம்பத்திரண்டு வருடம் எல்லாவற்றையும் சேர்ந்தே செய்த மனுஷன், இதையும் சேர்த்தே அனுப்பிவிட்டான். ஆளுக்கு ஓர் உறை என்பது விதி. இரண்டு ஓட்டும் செல்லாது. விதியை எழுதியவனை மனதுக்குள் திட்டிக்கொண்டே என் கையால் ஒதுக்கி வைத்தேன்.

மூடச் சொன்னவர்கள் 312. வேண்டாம் என்றவர்கள் 311.

"ஒரே ஒரு ஓட்டுப்பா," என்றான் ஆல்பின். "எவனோ எங்கிட்ட கையெழுத்தப் போட்டுட்டு ஓட்ட மாத்திப் போட்டுட்டான்."

எண்ணும் அறையில் பார்த்ததை வெளியே சொல்லக் கூடாது. சொல்லலாம் என்றாலும் எனக்கு வாய் வந்திருக்காது.

"தோத்தாலும் நம்மளக் கேட்டாங்கல்ல?" என்றேன். நான் உண்மையிலேயே நம்புகிற விஷயம் அது. அன்று என் காதுக்கே எரிச்சலாக இருந்தது.

"கேட்டதுதான்பா வலிக்குது. அந்த ஏழு பேரு முடிவோட நின்னிருந்தா அவங்களத் திட்டிட்டுப் போயிருப்பேன். இப்ப யாரத் திட்ட?"

கடைசியில் யோஸ்டைத் திட்டினான். இல்லத்தை மூடினால் வரி குறையும் என்று யோஸ்ட் எப்போதோ சொன்னானாம், அது போதுமானதாக இருந்தது. அதற்குப் பிறகு ஆல்பின் ரொட்டியைப் பக்கத்து ஊரில் வாங்கினான்.

ஒட்டிலியா நகரத்தில் நான்கு மாதம்தான் இருந்தாள். அடக்கத்தன்று யோஸ்ட் கை நீட்டினான். ஆல்பின் தன் கைகளைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு நகர்ந்தான்.

"நான் என்னப்பா தப்பு பண்ணேன்?" என்று யோஸ்ட் என்னிடம் கேட்டான். அவன் கண் நிறைந்திருந்தது.

நான் ஒரு வார்த்தை சொன்னால் யோஸ்டுக்குப் பழைய நண்பன் திரும்பக் கிடைப்பான். ஆனால் அவளை ஊரைவிட்டு அனுப்பியது தானேதான் என்று ஆல்பினுக்குத் தெரிந்துவிடும்.

"துக்கத்துல இருக்கான், விடுப்பா," என்றேன்.