திரையில் அண்ணனின் இதயம்

துடிப்பு தாறுமாறானால் ஷாக் கொடுத்துச் சீராக்கும் கருவியை அண்ணனின் நெஞ்சுக்குள் டாக்டர் வைத்த மறுவாரம், அவருடைய ஸ்கேனை வைத்துக் கணினியில் ஓர் இதயம் செய்தேன். என் ஆராய்ச்சியே அதுதான். இதயத்தைப் பல துண்டுகளாகப் பிரித்துக் கொடுத்தால், எங்கோ இருக்கும் நூற்றுக்கணக்கான கணினிகள் ஆளுக்கொரு துண்டாக ஒரே நேரத்தில் கணக்குப் போடும். அரிமளத்தில் எங்கள் வீட்டிலிருந்தே அவற்றை இயக்குவேன்.

அந்த இதயத்தின் துடிப்பைத் தாறுமாறாக்கி, அண்ணனின் கருவியில் வைத்திருந்த அதே அளவு மின்சாரத்தைப் பாய்ச்சினேன். இதயம் அடங்கியது. சீராகத் துடித்த சற்று நேரத்தில், அடியோரத்தில் மின்னோட்டம் சின்னதாக ஒரு சுழலாய் எழுந்து, முழுக்கப் பரவி, துடிப்பை மறுபடியும் குலைத்தது.

பின்னால் அண்ணன் நின்றிருந்தார்.

"அது யாரு நெஞ்சு?"

"ஒங்களதுதாண்ணே."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இன்னொருக்கா ஓட்டு."

மறுபடியும் சுழல் வந்தது.

டாக்டரிடம் காட்டினோம். "கம்ப்யூட்டர் சொல்றத மட்டும் நம்ப முடியாதுங்க" என்றவர், தானும் சோதித்துவிட்டுக் கருவியின் மின்சார அளவைக் கூட்டினார். புது அளவில், ஷாக் விழும் நொடியை மாற்றி மாற்றிப் பத்து முறை ஓட்டினேன். ஒன்பது முறை துடிப்பு சீரானது.

ஒன்பதை அண்ணனிடம் சொன்னேன். பத்தாவதைச் சொல்லவில்லை. அந்தக் கருவிக்கு இன்னும் வேலை வரவில்லை. அவர் போனை எடுக்கத் தாமதமானால், எனக்கு அந்தச் சுழல்தான் தெரிகிறது.